மூன்றாவது பெஞ்சு, தூண் ஓரம்

"கண்ணாடி எடுத்துக்கிட்டியா?"

"ரெண்டும் எடுத்துக்கிட்டேன்."

"தூரத்துக்குப் போடறது ஒண்ணு போதுமே. படிக்கிற கண்ணாடி எதுக்கு?"

"பேரு போடுவாங்கல்ல. படிக்க வேணாமா?"

"அம்மா, பேரு திரையிலதான் வரும். திரை தூரத்துலதான் இருக்கும். அதுவும் கூட்டத்துல சும்மா உட்கார்ந்தவங்க பேரெல்லாம் யாரும் போட மாட்டாங்க."

"இருக்கட்டும்டி. பையில ஒரு ஓரமா கிடக்கட்டும்."

உள்ளறையிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மூன்று நாளாக அந்த வீட்டில் அப்பாவின் பேச்சு அவ்வளவுதான்.

முடிச்சூர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணி என்றால் நால்வரும் வெள்ளை உடுத்திச் சபைக்குக் கிளம்பி நிற்க வேண்டிய நேரம். இன்று தனசிங் மட்டும் வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார். ஜெயசீலி அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற நாளில் சக டீச்சர்கள் கொடுத்த புடவை. அவர் அந்தப் புடவையை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்த மகனிடம் பேசினார்.

"எபி, உங்கம்மாகிட்ட சொல்லு. முப்பத்து மூணு வருஷத்துல இன்னிக்கித்தான் சபையில அவ இடம் காலியா இருக்கப் போவுது. யாராவது கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்."

"காய்ச்சல்னு சொல்லிடுங்கப்பா. சிம்பிள்."

"சபை மூப்பரோட பொண்டாட்டி கூத்து பார்க்கப் போயிருக்கான்னு சொல்லுவேன்."

"கூத்து இல்ல, சினிமா," என்றாள் ஜெரூஷா.

"ரெண்டுத்துக்கும் ஒரே வாசல்தான். எங்க போய் முடியும்னு உனக்கும் தெரியும்."

பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். ஸ்கூட்டர் இரண்டு முறை உதைபட்டுக் கிளம்பியது. ஜெரூஷாவுக்குச் சிரிப்புதான் வந்தது. சினிமாவே பார்க்காத ஒருவர் சினிமாவைப் பற்றி இவ்வளவு உறுதியாகப் பேச முடிகிறதே என்று. அவளுக்கு இருபத்தேழு வயது. ஐந்து வருடமாக அவள் சபைக்குப் போவது அம்மாவுக்குத் துணையாக மட்டும். அங்கே எல்லாரும் கையை உயர்த்தும்போது அவள் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணுவாள்.

புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் வெடித்த விஷயம் இதுதான்.

ஜெயசீலியின் அம்மா ஞானப்பூ, மகளுக்கு நாலு வயதாகும்போதே போய்ச் சேர்ந்துவிட்டவள். ஜெயசீலிக்கு அம்மா என்றால் ஒரே ஒரு கல்யாண போட்டோ. பத்து வருடம் முன்பு டிசம்பர் வெள்ளம் முடிச்சூருக்குள் வந்தபோது அது மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. எடுத்துத் துடைத்தபோது அப்பாவின் தோளும், பக்கத்தில் ஒரு புடவைக் கரையும் மிச்சம் இருந்தன. அம்மாவின் முகம் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள். ஜெயசீலி அதையே சட்டம் போட்டு மறுபடி மாட்டினாள். தினமும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, அந்த வெள்ளைத் தாளே முகமாகிக்கொண்டு வந்தது.

ஆனால் வேறோர் இடத்தில் அந்த முகம் இருந்தது. அறுபத்தாறில் கிழக்குத் தாம்பரத்துப் பழைய தேவாலயத்தில் 'இரண்டாம் மணி' என்று ஒரு படம் எடுத்தார்கள். ஆராதனைக்கு வந்தவர்களையே பெஞ்சில் உட்கார வைத்து எடுத்தார்களாம். "பொம்பளைங்க பக்கம், மூணாவது பெஞ்சு, தூண் ஓரம். உன்னை மடியில வச்சுக்கிட்டு உங்கம்மா உட்கார்ந்திருந்தா," என்று வளர்த்த பெரியம்மா சொல்லியிருக்கிறாள். பெரியம்மா வீட்டிலும் சினிமா கிடையாது. கல்யாணமாகி வந்த வீட்டில் அதன் பேரே கிடையாது. கொஞ்ச காலத்தில் அந்தப் படமே எங்கும் கிடைக்காமல் போயிற்று. எங்கோ ஒரு காப்பகத்தில் அதன் ஒரே பிரதி அகப்பட்டு, அதைச் சுத்தம் செய்து, தாம்பரத்திலேயே ஒரு பழம்படத் திருவிழாவில் போடுகிறார்கள் என்று ஜெரூஷா மொபைலில் காட்டியபோது, ஜெயசீலி கையிலிருந்த தோசையைத் தட்டில் வைத்துவிட்டாள்.

"நான் போகணும்," என்றாள்.

கணவரிடம் அனுமதி கேட்காமல் அவள் சொன்ன முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

*

கார் எபியுடையது. பெருங்களத்தூரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏதோ பதினாறு மாடிக் கட்டடத்தில் அவன் வீடு விற்கிறான். மேம்பாலத்தில் ஏறி கிழக்குத் தாம்பரம் இறங்கும்வரை ஒரு வாடிக்கையாளரிடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே வந்தான்.

"பழைய படம் பார்க்க ஒரு ஞாயித்துக்கிழமை வேஸ்ட். அந்தப் படத்துல கதை என்ன?" என்று கேட்டான், பேச்சு முடிந்ததும்.

"எனக்குக் கதை வேணாம்டா. எனக்கு ஒரு பெஞ்சு போதும்," என்றாள் ஜெயசீலி.

"அந்த இடம் வரப்போ நான் மொபைல்ல எடுத்துடறேன்மா. பிரிண்ட் போட்டு, பெரிசா லேமினேட் பண்ணிடலாம்."

அதற்காகத்தான் அவனை அழைத்து வந்ததே. ஜெரூஷாவின் மொபைல் கேமரா இருட்டில் ஒன்றுக்கும் உதவாது.

திருவிழா நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். தியேட்டர் வாடகை கட்டுப்படியாகவில்லை போலும். வாசலில் வணக்கம் சொல்லும் பொம்மைகள் இரண்டும் அப்படியே நின்றன. அவற்றின் தலைக்கு மேல் 'ஒளிநிழல் வட்டம் வழங்கும் பழம்பெரும் படங்களின் திருவிழா' என்ற பேனர்.

"கல்யாணம் இல்லம்மா இன்னிக்கி," என்றார் வாட்ச்மேன் ஜெயவேலு, ஜெயசீலியின் புடவையைப் பார்த்துவிட்டு. "படம் காட்டிகினு கீறாங்க."

"அதுக்குத்தான் வந்திருக்கோம்."

"அதுக்கா?" அவர் முகத்தில் உண்மையான இரக்கம் தெரிந்தது. "நேத்து ஒண்ணு போட்டாங்கமா. ஒர்த்தன் ரோட்டுல நடந்துகினே கீறான். நானும் நின்னு பார்த்தேன், எங்கனா போய் சேர்றானான்னு. டீ குடிச்சிட்டு வந்தேன், அப்பவும் நடந்துகினு கீறான். முடிஞ்சதும் எல்லாம் எழுந்து கை தட்டுறாங்க. இன்னாத்துக்குன்னு கேட்டா ஒர்த்தனுக்கும் சொல்லத் தெரியல."

உள்ளே போனதும் ஜெரூஷாவுக்கு வாட்ச்மேனை மறுபடி பார்க்க வேண்டும் போலிருந்தது. தோளில் சணல் பைகள். கழுத்தில் அட்டைகள். கலைந்த தலைகள், கலைப்பதற்கென்று கண்ணாடி முன் நேரம் செலவழித்த தலைகள். படம் பார்க்க வந்தவர்களைவிட, படம் பார்த்தவர்களாகத் தெரிய வந்தவர்கள்தான் அதிகம். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவர் பார்க்காத ஒரு படத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, அவர் முகம் சுருங்குகிறதா என்று காத்திருந்தார்கள்.

மேடையில் மணமக்கள் உட்காரும் தங்க நிற நாற்காலிகள் ஓரமாகத் தள்ளப்பட்டு, நடுவே திரை இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. பின்சுவரில் யாரோ ஒரு மணமகளின் பெயரில் பாதி எழுத்துகள் இன்னும் உதிராமல் இருந்தன. சமையல்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்தது.

வாசல் மேசையில் மொபைல்களை வாங்கி பிளாஸ்டிக் கவரில் போட்டு டோக்கன் கொடுத்தார்கள்.

"என்னங்க இது, எக்ஸாம் ஹாலா?" என்றான் எபி.

"காப்பகத்தோட கண்டிஷன் சார். ஒரு ஃபிரேம் வெளிய போனாலும் எங்க சங்கத்துக்கு இனிமே படமே தர மாட்டாங்க."

எபி அம்மாவைப் பார்த்தான். ஜெயசீலி மகனின் முதுகைத் தட்டினாள். "பரவால்லடா. கண்ணால பார்த்தா போதும். நான் மறக்கவே மாட்டேன்."

மூவரும் நான்காவது வரிசையில் உட்கார்ந்தார்கள். பக்கத்து நாற்காலிப் பெண்ணின் அட்டையில் ஸ்நேகா என்று இருந்தது. அவள் சிநேகமாகத் திரும்பினாள்.

"ஆன்ட்டி, இந்த டைரக்டரோட மத்த படங்கள்லாம் பார்த்திருக்கீங்களா?"

"இல்லமா. இதுதான் முதல் படம்."

"இல்ல ஆன்ட்டி, இது அவரோட மூணாவது படம்."

"அவரோடது இல்லமா. என்னோடது. நான் பார்க்கிற முதல் படம்."

ஸ்நேகா சிரித்தாள். பிறகு, அது வேடிக்கையில்லை என்று புரிந்ததும், ஏதோ அருங்காட்சியகத்தில் நிற்பவளைப்போல ஜெயசீலியைப் பார்த்தாள். "வாவ்," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்து நண்பனின் காதில் ஏதோ சொன்னாள். அவனும் எட்டிப் பார்த்தான். ஜெரூஷா அவர்கள் இருவரையும் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் பார்வையைத் தாழ்த்தும்வரை பார்த்தாள்.

பத்தரைக்குப் படம் என்று போட்டிருந்தது. பத்தரைக்கு மேடையேறியவர் சங்கத்தின் செயலாளர் ராகவேந்திரா. நீளமான காவி நிறச் சட்டை. வெள்ளைத் தாடி. மைக்கை ஐஸ்கிரீம்போலப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார்.

"இந்தப் படத்தைப் பார்க்க ஒரு தகுதி வேணும்," என்றார். "கதை தேடி வந்தவங்க தயவுசெஞ்சு மாலுக்குப் போயிடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் மற்றவர்களைச் சொல்கிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"இவர் பேச்சுல நம்ம சபை பாஸ்டர் தோத்தார்," என்று எபி முணுமுணுத்தான். "அவராவது நடுவுல பாட்டு வைப்பார்."

ஜெயசீலி எதையும் கேட்கவில்லை. தூரக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். மாட்டினாள். கழற்றி மறுபடி துடைத்தாள்.

*

படம் மோசமான படம். ஜெரூஷாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. சைக்கிள் கடைக்காரன் ஒருவன், தேவாலயத்தில் ஹார்மோனியம் வாசிக்கும் பெண்ணைக் காதலிக்கிறான். காதலிப்பது என்றால் பெருமூச்சு விடுவது. முதல் முக்கால் மணி நேரத்தில் பதினொரு முறை விட்டான். கேமரா ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது, ஸ்டாண்டு சரியாக நிற்கவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. "என்ன ஒரு கோணம்" என்று பின்வரிசை கிசுகிசுத்தது. பழைய தாம்பரம் ஸ்டேஷன் வந்ததும் கை தட்டினார்கள். ஒரு மாடு குறுக்கே போனதற்கும் தட்டினார்கள்.

திரையில் மணி அடித்தது. தேவாலயத்தின் இரண்டாம் மணி.

ஜெயசீலியின் கை வந்து ஜெரூஷாவின் மணிக்கட்டைப் பிடித்தது.

"இதான்," என்றாள்.

வாசல். நீண்ட நடை. ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுகள். எண்ணெய் தடவிப் படிய வாரிய தலைகள். தூண்கள். எபி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ஜெரூஷா தூண்களை எண்ணத் தொடங்கினாள். கேமரா மெதுவாகப் பெண்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. அதற்குள் பீடத்திலிருந்த போதகரைக் காட்டினார்கள். ஒட்டுமீசை, தலையில் பவுடர் பூசிய நரை. நடிகர்தான். அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி, கனத்த குரலில் சொன்னார்:

"ஜெபம்பண்ணக்கடவோம்."

அதற்குப் பிறகு ஜெரூஷாவுக்கு இருட்டுதான்.

போதகரின் குரல் கேட்டது. பெஞ்சுகள் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஒரு கைக்குழந்தை சிணுங்கி அடங்கியது. கடைசியில் "ஆமென்" என்றார்கள். ஜெரூஷாவின் வாயும் "ஆமென்" என்றது.

கண்ணைத் திறந்தாள்.

திரையில் ஒரு சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

சில விநாடிகள் எதுவுமே விளங்கவில்லை. தன் தலை குனிந்திருந்தது. தன் கைகள் கோத்திருந்தன. சின்ன வயதில் சாப்பாட்டு ஜெபத்தில் அரைக்கண் திறந்தால் அப்பாவின் கரண்டிக்காம்பு விரல் முட்டியில் விழும். இருபது வருடம் கழித்தும் அந்த விரல்களுக்கு அது நினைவிருந்தது. மின்விசிறியை எண்ணுகிற ஜெரூஷா. எதையும் நம்பாத ஜெரூஷா. ஒட்டுமீசை வைத்த ஒரு நடிகன் கையைத் தூக்கினான் என்று கண்ணை மூடிக்கொண்ட ஜெரூஷா. இந்த மண்டபத்தில் அவள் அதுவரை யாரையெல்லாம் இளக்காரமாகப் பார்த்தாளோ, அவர்கள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துகொண்டு அவளுடைய பாட்டியைப் பார்த்திருக்கிறார்கள்.

"அம்மா," என்றாள் மெதுவாக. "பார்த்தியா?"

ஜெயசீலியின் கண்களில் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவளின் திகைப்பு. "நீ பார்த்தியா?"

இருவரும் எபியைப் பார்த்தார்கள். அவன் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நான் மூடிட்டேன்மா. ஜெபம்னாரு. மூடிட்டேன்."

பக்கத்தில் ஸ்நேகா நண்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த ஷாட்டைப் பார்த்தியா? செம."

மிச்சமிருந்த ஒரு மணி நேரமும் ஜெயசீலி இமைக்காமல் பார்த்தாள். தேவாலயம் மறுபடி வரும் என்று காத்திருந்தாள். கல்யாணத்துக்காவது வரும், சாவுக்காவது வரும். வரவில்லை. சைக்கிள் கடைக்காரன் கடைசிப் பெருமூச்சை ஒரு ரயில்வே கேட்டில் விட்டான். கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது.

*

ராகவேந்திராவைச் சுற்றி ஐந்தாறு பேர் நின்றார்கள். ஜெயசீலி அவர்கள் பேசி முடியும்வரை கைப்பையைப் பிடித்தபடி காத்திருந்தாள். முப்பது வருடம் வகுப்புக்கு வெளியே பிள்ளைகளை நிற்க வைத்தவள், அவர்களைப்போலவே நின்றாள்.

"சார், ஒரு சின்ன உதவி. அந்த ஜெபம் வர இடம் மட்டும் இன்னொரு தடவை போட முடியுமா? ஒரு நிமிஷம்தான் வரும்."

"எதுக்கும்மா?"

"எங்கம்மா அதுல இருக்காங்க. மூணாவது பெஞ்சுல. நாங்க சரியா பார்க்கல."

"பார்க்கலையா?" அவர் புருவம் உயர்ந்தது. "நாலாவது வரிசையில உட்கார்ந்து பார்க்கலையா? அதைத்தான்மா நான் பேச்சுல சொன்னேன். பார்க்கறதுக்கு ஒரு பயிற்சி வேணும்னு."

"கண்ணை மூடிட்டோம் சார். ஜெபம்னதும்."

சுற்றி நின்றவர்களில் ஒருவன் சிரித்தான். ராகவேந்திரா சிரிக்கவில்லை, பெருந்தன்மையாகப் புன்னகைத்தார்.

"ஒரே ஒரு திரையிடலுக்குத்தான்மா அனுமதி. படம் முடிஞ்சதும் காப்பகத்து ஆள் ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். தவிர ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. அந்த ஷாட்டுல தனித்தனி முகம் முக்கியமே இல்ல. அங்க கூட்டம்தான் கதாபாத்திரம். உங்கம்மான்னு தேடிப் பார்த்தா படத்தைத் தவற விட்டுடுவீங்க."

"சார்," என்றாள் ஜெரூஷா, "நீங்க நாற்பது நிமிஷம் பேசாம இருந்திருந்தா அவர் கிளம்பறதுக்கு முன்னாடி அந்த ஒரு நிமிஷத்தை ரெண்டு தடவை போட்டிருக்கலாம்."

"ஜெரூ, வா," என்றாள் ஜெயசீலி. செயலாளருக்குக் கைகூப்பி நன்றி வேறு சொன்னாள். அதுதான் ஜெரூஷாவுக்குப் பொறுக்கவில்லை.

டோக்கன் கொடுத்து மொபைல்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். ஜெயவேலு எழுந்து நின்றார்.

"உங்காளு ஒர்த்தர் கீறாரும்மா அந்தாண்ட. வெள்ள சட்ட, பைபிளு. சமையல்கட்டு பக்கமா வந்தாரு. இன்னா சார், பந்திக்கான்னேன். மொறைச்சிட்டு உள்ள பூந்துட்டாரு. அப்பால வந்து, அரக்கு பொடவ அம்மா வெளிய வந்தாங்களான்னு கேட்டாரு."

வேப்பமர நிழலில் ஸ்கூட்டர் நின்றது. பக்கத்தில் தனசிங். சபையில் ஆராதனை இப்போதுதான் முடிந்திருக்கும். அவர் முகம் சிவந்திருந்தது.

"அப்பா? சபைக்குப் போகலையா?" என்றான் எபி.

"போனேன். உங்கம்மா எங்கன்னு மூணு பேரு கேட்டாங்க. சபையில என் சாட்சி, என் நல்ல பேரு என்ன ஆகறது? கையோட இழுத்துட்டுப் போயிடலாம்னு வந்தேன். உள்ள ஒரே இருட்டு. எங்க உட்கார்ந்திருக்கீங்கன்னு தேடிக்கிட்டு, அத்தனை பேரு நடுவுல கூப்பிடவும் முடியாம, சாப்பாட்டு ரூம் வாசல்லயே நின்னேன்." மூன்று நாள் சேர்த்து வைத்த பேச்சு மொத்தமும் வந்தது. "நின்னது நல்லதாப் போச்சு. இந்தக் கண்றாவியைப் பார்த்தேன். எவனோ ஒரு வேஷக்காரன், மூஞ்சியில பவுடரு, ஒட்டுமீசை, கையைத் தூக்கி ஜெபம்ங்கறான். மண்டபத்துல இத்தனை பேரு கொட்டக் கொட்ட முழிச்சுக்கிட்டு இருக்கான். திரை வெளிச்சத்துல பார்த்தா, என் பொண்டாட்டி புள்ளைங்க மூணு தலை மட்டும் கீழ குனியுது. எதுக்குத் தலை குனியறோம்னு கூடவா தெரியாது?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததுதான்பா," என்றாள் ஜெரூஷா. "கரண்டிக்காம்பால."

"நான் கர்த்தருக்கு முன்னால மூடச் சொன்னேன். கூலிக்கு நடிக்கறவனுக்கு நான் ஏன் மூடணும்? நான் முழிச்சுப் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன்." அவர் குரல் இன்னும் ஏறியது. "அந்தப் படத்துலயே ஒருத்தி கண்ணை மூடல. மத்ததெல்லாம் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு பாசாங்கு பண்ணுது. அவ மட்டும், கைக்குழந்தை அழுவுதுன்னு அது வாயில விரலை வச்சுக்கிட்டு, நேரா எங்களையே பார்க்கறா. தூண் ஓரமா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு, இது ஜெபம் இல்லன்னு. உங்களுக்குத்தான்..."

நிறுத்தினார்.

மண்டபத்துக்குள் யாரோ மைக்கில் பந்திக்கு அழைத்தார்கள். தனசிங்கின் சட்டைப்பையில் மொபைல் அதிர்ந்தது. பாஸ்டர் என்ற பெயர் மெல்லிய துணியை ஊடுருவித் தெரிந்தது. அவர் எடுக்கவில்லை. வெள்ளம் வரும்வரை இருபத்து மூன்று வருடம் அவர் வீட்டுச் சுவரில் இருந்த முகம் அது. தினமும் காலையில் அதன் எதிரில் நின்றுதான் சட்டைப் பொத்தான் போட்டிருக்கிறார்.

"எங்களைப் பார்த்தாங்களா?" என்றாள் ஜெயசீலி.

அவர் பைபிளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். சபையின் மூப்பர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில், சினிமாவில் என்ன பார்த்தார் என்று சொல்ல வேண்டும். மகன் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன்கூடப் பார்த்துக்கொண்டிருந்தார். மொபைல் நின்று, மறுபடி அதிரத் தொடங்கியது.

ஜெயசீலி தூரக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். படிக்கிற கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். இரண்டடி முன்னால் வந்து, கணவரின் முகத்துக்கு நேராக நின்றாள்.

"எங்கம்மா எப்படி இருந்தாங்கன்னு சொல்லுங்க."